அரிசிக்கு உரிய வாழ்த்து

உண்பதற்கு முன்னும் பின்னும் இறைவனை வாழ்த்துதல் உலகச் சமயங்கள் பலவற்றுக்கும் பொது. ஆயின், எந்த உணவுக்கு எந்த வாழ்த்து என்று ஒவ்வொரு கனிக்கும் கிழங்குக்கும் தானியத்துக்கும் தனித்தனியே வரையறுத்து, அவ்வரையறை பற்றித் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு, அவ்வாதங்களையும் ஏட்டில் ஏற்றிக் காத்தவர்கள் யூதர்கள். அவர்தம் அறநூல்களில் அரிசி பெற்றிருக்கும் இடம் விந்தையானது. அது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வாயிற்படியில் நிறுத்தப்பட்ட விருந்தாளியைப் போல அது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே நிற்கிறது. சோற்றையே உணவு என்றும், உணவையே சோறு என்றும் வழங்கும் தமிழ் மக்களுக்கு இவ்வரலாறு அயலார் வீட்டுச் செய்தி அன்று. அரிசி உண்ட யூதர்கள் நம் அண்டையிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தவர்கள்.

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத்தொகை, வாழ்த்துகளுக்கென்றே 'பெராக்கோத்' என்னும் பகுதியை முதலில் வைத்துத் தொடங்குகிறது. அதன் ஆறாம் அதிகாரம் உணவு வாழ்த்துகளைப் படிநிலையாக வகுக்கும். மரத்துக் கனிக்கு ஒன்று, நிலத்து விளைவுக்கு ஒன்று, திராட்சை மதுவுக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று. இவை எதிலும் அடங்காதவற்றுக்கு எல்லாம் இறைவன் சொல்லால் உண்டாயின என்னும் பொது வாழ்த்து ஒன்று. பின்னர் வந்த ஆசிரியர்கள் ரொட்டியல்லாத தானியப் பண்டங்களுக்கெனப் பலவகை உணவுகளைப் படைத்தவனைப் போற்றும் வாழ்த்தைத் தெளிவுபடுத்தினர். இதற்கு 'மெசோனோத்' என்று பெயர். உடலைத் தாங்கும் உணவு என்பது அச்சொல்லின் பொருள். இப்படிகளுள் உச்சியில் இருப்பது ரொட்டி. ரொட்டி உண்பவர் முன்னே கை கழுவி வாழ்த்துவர்; உண்டபின் நீண்ட நன்றியுரை ஒன்றைச் சொல்லுவர். ஒரு வேளை உணவு முறையான உணவாவது ரொட்டியால்தான்.

ரொட்டி எனப்படுவது எது? கோதுமை, வாற்கோதுமை ஆகிய இரண்டும், இவற்றுக்கு இனமான வேறு மூன்றும் ஆக ஐந்து தானியங்களால் ஆயதே ரொட்டி. மாவு பிசைந்தால் அதிலொரு பங்கைக் குருவுக்கெனப் பிரித்து வைக்கும் கடமையும் இவ்வைந்துக்கே உண்டு. பஸ்காப் பெருநாளில் புளிப்பில்லா அப்பம் செய்யத் தகுவதும் இவ்வைந்தே. அந்நாளில் புளித்துவிட்டால் விலக்கப்படுவதும் இவ்வைந்தே. அரிசி, தினை, எள், பயறு முதலியன இக்கடமையிலிருந்து விலக்குப் பெற்றவை என்று மிஷ்னாவே பெயர் சொல்லிக் கூறுகிறது.

இதற்குக் காரணம் தேடின், மோசேயின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் எட்டாம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். வாக்களிக்கப்பட்ட நாட்டின் சிறப்பைக் கூறும் இடத்தில் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன் என ஏழு விளைவுகள் அங்கே எண்ணப்படுகின்றன. இங்குத் தேன் என்றது பேரீச்சையின் தேனை என்பது மரபு. உண்டு நிறைவடைந்தபின் அந்நல்ல நாட்டுக்காக இறைவனை வாழ்த்த வேண்டும் என்ற கட்டளை அதனை அடுத்தே வருகிறது. உண்டபின் சொல்லும் நன்றி வயிற்றோடு மட்டும் அன்றி மண்ணோடும் பிணைக்கப்பட்டது இவ்விடத்திலேதான். அரிசியோ அம்மண்ணின் விளைவு அன்று. எபிரேய விவிலியத்தில் அதன் பெயரே இல்லை. மிஷ்னாவில்தான் 'ஓரெஸ்' என்னும் பெயருடன் அது முதன்முதல் தலைகாட்டுகிறது.

இந்த 'ஓரெஸ்' கிரேக்கர் வழங்கிய 'ஒரிசா'வோடு உறவுடையது என்பதில் ஐயமில்லை. ஒரிசாவுக்கு மூலம் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. தமது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், தமிழ் 'அரிசி'யே அதற்கு மூலம் என்று கருதினார். விவிலியத்தில் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் 'துகி'யைத் தமிழ்த் தோகையோடு இணைத்தவரும் அவரே. பிற்கால ஆய்வாளர் பலர் வடமொழி 'வ்ரீஹி', பழம் ஈரானியச் சொற்கள் ஆகியவற்றின் வழியாக அச்சொல் மேற்கே சென்றது என்பர். அவ்வடசொல்லுக்கும் முன்னே ஒரு திராவிட வடிவம் இருந்திருக்கலாம் என்பாரும் உளர். சொல்லொப்புமை ஒன்றையே அடித்தளமாக்கிப் பெருமை மாளிகை எழுப்புவது நம்மவர்க்கு எளிய பொழுதுபோக்கு. இவ்விடத்தில் அது வேண்டியதில்லை. சொல் எவ்வழிச் சென்றிருந்தாலும் பொருள் சென்ற வழிக்குச் சான்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடற் பயண நூல்', லிமிரிக்கே எனப்பட்ட தமிழகக் கரையிலிருந்தும் பாரிகாசாவிலிருந்தும் வரும் கலங்கள் சொக்கோத்திராத் தீவில் அரிசியை இறக்கியதைக் குறிப்பிடுகிறது. அதே காலத்து முசிறியில் மீனை விற்று நெல்லைப் பெற்றுப் படகில் குவித்த செய்தியைப் புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர் காட்டுவார். செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

மேற்காசியாவில் அரிசி கடல் வழியாக மட்டும் பரவவில்லை. பாபிலோனியாவிலும் சூசா நாட்டிலும் கீழ்ச் சிரியாவிலும் நெல் விளைவதாக அலெக்சாந்தருடன் சென்ற அரிஸ்தோபுலசை மேற்கோள் காட்டி ஸ்திராபோ எழுதினார். ஆகவே, யூதேயாவில் சட்டம் தோன்றிய காலத்து அரிசி புதுவரவு; அச்சட்டம் விரித்துரைக்கப்பட்ட பாபிலோனியாவிலோ அது அன்றாட உணவுகளுள் ஒன்று. இவ்விரு நிலங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பின்வந்த வாதங்களுக்கெல்லாம் ஊற்று.

மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனிய யூதக் கல்வியின் இரு தூண்களாக விளங்கியவர்கள் ராவும் ஷ்முவேலும். மெசோனோத் என்னும் உணவு வாழ்த்து ஐந்து தானியங்களுக்கே உரியது என்பது இருவரும் ஒருமுகமாகக் கூறிய தீர்ப்பு. அரிசியும் தினையும் அதனால் புறத்தே தள்ளப்பட்டன. இவ்விருவரும் எதிரெதிர் நின்று வாதிட்ட இடங்கள் தல்மூதில் ஏராளம். ஒத்துப்போன இடத்தில் அவர்களை எதிர்ப்பது எளிதன்று. ஆயினும் தல்மூது அத்தீர்ப்பை அப்படியே ஏற்கவில்லை. அவர்களுக்கு முற்பட்ட ஆசிரியர்களின் மரபுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள்முன் வைக்கிறது. கோதுமையை மென்றால் நில விளைவுக்குரிய வாழ்த்து. அரிசியை மென்றாலும் அதுவே. அரிசியை அரைத்துச் சுட்டாலோ சமைத்தாலோ முன்னே சொல்ல வேண்டுவது உணவு வாழ்த்து என்று பழைய உரை ஒன்று தெளிவாகக் கூறுகிறது. விடை இல்லை. ராவும் ஷ்முவேலும் மறுக்கப்பட்டனர் என்று தல்மூது முடிவு கூறுகிறது. பேராசிரியர் இருவரை ஒரு பிடி அரிசி வென்ற கதை இது.

வெற்றி அரைவெற்றியே. உண்பதற்கு முன் அரிசி உணவு என்று ஏற்கப்பட்டது. உண்டபின் மண்ணையும் அதன் ஏழு விளைவுகளையும் நினைந்து சொல்லும் நன்றியுரை அதற்கு மறுக்கப்பட்டது. உயிர்களையும் அவற்றின் தேவைகளையும் படைத்தவனைப் போற்றும் குறுகிய பொது நன்றியே அதற்குப் பின்வாழ்த்து. இது முரண்பாடு போலத் தோன்றும். கூர்ந்து நோக்கின் முரண்பாடு இல்லை. முன்வாழ்த்து, இப்பொருள் மனிதனைத் தாங்குமா என்று கேட்கிறது; அதற்கு வயிறே சாட்சி. வயிறு அரிசியின் பக்கம் பேசிற்று. பின்வாழ்த்து, இப்பொருள் எம்மண்ணின் கொடை என்று கேட்கிறது. அதற்கு மண் சாட்சி. அம்மண் அரிசியை அறியாது என்றது. பசியை ஆற்றிய பொருளுக்கு முழு நன்றி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை என்றால், நன்றி எதன்பாற்பட்டது? உண்டவன் நிறைவின்பாற்பட்டதா, அவன் முன்னோர்க்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தின்பாற்பட்டதா? பெரும்பாலார் நிலத்தின்பக்கம் நின்றனர்.

ஒருவர் மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த யோகனான் பென் நூரி, அரிசியும் ஒரு தானியமே என்றார். அரிசி மாவு புளித்தால் பஸ்காவில் அதனை உண்பது பெருங்குற்றம். புளிக்காத அரிசியப்பத்தால் அந்நாளின் கடமையை நிறைவேற்றலாம் என்பதும் அவர் துணிபு. அவர் கருத்தை அவையோர் ஏற்கவில்லை. எனினும் அழித்துவிடவும் இல்லை. தோற்றவர் சொல்லையும் பெயருடன் காத்துவைத்தது அம்மரபின் பெருந்தன்மை.

சட்டம் அரிசியின் வடிவத்துக்கு வடிவம் மாறுவது தமிழருக்கு வியப்புத் தராது. நெல், அரிசி, நொய், தவிடு, அவல், பொரி, கஞ்சி, சோறு என ஒரே பயிரின் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. பச்சையரிசியை வாயிலிட்டு மென்றால் அது நிலத்தின் விளைவு. குழைய வெந்தாலும், மாவாக்கி அப்பமாகச் சுட்டாலும் அது உணவு. யோசேப்பு காரோ 1563இல் சாபேத் நகரில் எழுதி முடித்து, 1565இல் வெனிசில் அச்சேறிய 'ஷுல்ஹான் அரூக்' என்னும் சட்டநூலின் 208ஆம் பிரிவு இதனையே சொல்கிறது. குழையும் வரை வேகவேண்டுமா, வெந்து மென்மையானாலே போதுமா என்பது அடுத்த கேள்வி. தவிடு நீங்கிய அரிசி நன்கு வெந்தால் போதும் என்று பின்வந்த உரையாளர் தளர்த்தினர். தவிடு நீங்காத கைக்குத்தல் அரிசிக்கும், பொரிக்கும் எவ்வாழ்த்து என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்துச் சமையற்கட்டு ஒன்றில் இச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். புழுங்கலரிசிச் சோற்றுக்கு உணவு வாழ்த்து. இட்லிக்கும் தோசைக்கும் அரிசி மிகுதி, உளுந்து குறைவு; ஆதலின் அவற்றுக்கும் அரிசியின் வாழ்த்தே. கலவையில் அரிசி குறைந்து வேறொன்று மிகுந்தால் மிகுந்ததன் வாழ்த்து வந்துவிடும். கோதுமைக்கு இவ்வரம்பு இல்லை. பண்டத்தின் சுவைக்கும் ஊட்டத்துக்குமாகச் சேர்த்த கோதுமை சிறுபான்மையாயினும் வாழ்த்து அதனுடையதே. அரிசி தன் வாழ்த்தைப் பெறப் பெரும்பான்மை வேண்டும்; கோதுமைக்குப் பிறப்புரிமையே போதும். மானாவாரி நிலம் மிகுந்த இவ்வட்டாரத்தில் கம்பும் வரகும் வயிறு வளர்த்த காலம் நெடியது. கம்புக்களிக்கோ வரகுச்சோற்றுக்கோ சட்டம் தருவது என்ன? தினை இனத்து ரொட்டிக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான கடைநிலை வாழ்த்தே என்று காரோவின் நூல் அடுத்த பத்தியில் முடித்துவிடுகிறது. அரிசி வாயிற்படியிலாவது நிற்கிறது. கம்பு தெருவில் நிற்கிறது. நெல்லுச்சோற்றை விருந்தாகவும் களியைக் கூலியாகவும் கண்ட ஊர்களுக்கு இவ்வேற்றத்தாழ்வு புதிதன்று.

தல்மூதின் பெசாக்கிம் என்னும் பகுதியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பாபிலோனியாவுக்குக் கிழக்கே, இன்றைய ஈரானின் தென்மேற்கிலுள்ள கூசித்தான் நாட்டு யூதர்கள் அரிசி மாவிலிருந்து குருவின் பங்கைப் பிரித்துவந்தனர். சட்டப்படி அரிசிக்கு அக்கடமை இல்லை. செய்தி ராவ் யோசேப்பிடம் சென்றது. குருகுலத்தார் அல்லாத ஒருவன் அப்பங்கை அவர்கள் கண்முன்னே தின்றுகாட்டட்டும் என்றார் அவர். அது புனிதப் பங்கு அன்று என்பதை அவர்களுக்கு உணர்த்தும் வழி அது. அபாயே தடுத்தார். ஒருவர் தமக்குத் தாமே விலக்கிக்கொண்ட ஒன்றை, அவர் முன்னிலையில் மீறிக் காட்டுதல் தகாது என்பது அவர் வாதம். வாதம் நீண்டது. தல்மூதைத் தொகுத்தவருள் தலையாயவராகிய ராவ் அஷி இறுதியில் ஒரு வழி கண்டார். அவ்வூரில் பெரும்பாலோர் அரிசியே உண்பவராயின் தின்றுகாட்ட வேண்டா. தின்றால் மாவிலிருந்து பங்கு பிரிக்கும் கடமை ஒன்று உண்டு என்பதே அம்மக்களிடையே மறந்துபோகும். பெரும்பாலோர் கோதுமை உண்பவராயின் தின்றுகாட்டலாம். இல்லையேல் அரிசிப் பங்கையும் கோதுமைப் பங்கையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றிப் பிரித்துக் குழப்புவர்.

இத்தீர்ப்பின் நுட்பம் அறநூல் கற்பார் எவரையும் நிறுத்தி எண்ண வைக்கும். கோதுமை விளையாத நாட்டில் கோதுமைக்குரிய சடங்கு எப்படி உயிர்வாழும்? மக்கள் தம் கையிலுள்ள மாவில் அதனை ஏற்றிக்கொள்வர். ராவ் யோசேப்பின் சொல்லில் இலக்கணம் இருக்கிறது. ராவ் அஷியின் சொல்லில் வழக்கும் இருக்கிறது. இலக்கணத்தை மீறிய வழக்கைக் கண்டதும் வழுவென்று அடிக்காமல் வழுவமைதி தேடிய நம் இலக்கணிகளை இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க இயலாது.

புளிப்பைப் பற்றிய வாதமும் சுவையானது. ஐந்து தானியங்களின் மாவு நீர்பட்டால் புளிக்கும். அரிசியும் தினையும் நீர்பட்டால் கெட்டுப்போகுமேயன்றிப் புளிக்கா என்பது தல்மூதின் கொள்கை. அதனாலேயே அவை புளிப்பில்லா அப்பத்துக்கும் தகுதியற்றவை. புளிக்கக் கூடியதைப் புளிக்காமல் காத்தால்தானே அது நோன்பு? நாள்தோறும் இட்லி மாவு பொங்கி வழியக் காணும் தமிழ்ப் பெண்மணி இக்கொள்கையைக் கேட்டால் நகைப்பாள். ஆயின் தல்மூதின் ஆசிரியர்களும் முற்றும் தவறினர் அல்லர். கோதுமை மாவில் பசையம் உண்டு; நொதிக்கும்போது எழும் காற்றை அது வலைபோலப் பிடித்துவைக்கிறது. அரிசியில் அப்பசையம் இல்லை. தனியே ஊறிய அரிசிமாவு புளித்த நாற்றம் கொள்ளுமேயன்றிக் கோதுமை மாவுபோல எழாது. இட்லி மாவில் காற்றைத் தாங்குவது உளுந்தின் வழவழப்பு. பொங்கச் செய்வது லூக்கோனாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள். உளுந்தையும் அரிசியையும் சேர்த்தரைத்துப் புளிக்கவைக்கும் கலையைப் பாபிலோனியர் அறிந்திருந்தால், யோகனான் பென் நூரியின் பக்கம் இன்னும் சிலர் சேர்ந்திருக்கக்கூடும்.

அவர் கருத்து எவ்வளவு முற்றாகக் கைவிடப்பட்டது என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. பஸ்கா இரவில் இரண்டு சமைத்த கறிகள் இருக்க வேண்டும். அவை எவையெவை என்ற வினாவுக்கு ராவ் ஹூனா பீட்டுக்கீரையும் அரிசியும் என்றார். புளிப்பு விலக்கப்பட்ட இரவில் அரிசி அச்சமின்றிப் பந்தியேறிற்று. ராவா என்னும் பிற்கால ஆசிரியர் ஆண்டுதோறும் அவ்விரண்டையுமே தேடிப்பிடித்து உண்பாராம். காரணம் சட்டம் அன்று. ராவ் ஹூனாவின் வாயிலிருந்து வந்த சொல் என்னும் அன்பு.

காலம் செல்லச் செல்ல யூதர்கள் ஐரோப்பாவின் வடக்கே குடியேறினர். அங்கே நெல் இல்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் தல்மூதுக்குப் பேருரை கண்ட ராஷி, 'ஓரெஸ்' என்பதைத் தினை வகை ஒன்றாகப் பொருள் கொண்டார். அவருக்குப் பின்வந்தோர் அது அரிசியே என்று திருத்தினர். பொருளைக் காணாது சொல்லை மட்டும் கண்டவருக்கு நேரும் இடர் இது. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது மலர்களை அடையாளம் காண முயன்ற எவரும் ராஷியைப் பழியார். ஆனால், அந்த ஐயத்தின் நிழல் சட்டத்தில் தங்கிவிட்டது. உண்மையான ஓரெஸ் எது என்று உறுதி இல்லாமையால், அரிசியைத் தனியே உண்ணாமல் ரொட்டி உணவோடு சேர்த்தே உண்டு ஐயத்தைத் தவிர்த்த பக்தர்களும் ஐரோப்பாவில் இருந்தனர்.

அங்கேயே பதின்மூன்றாம் நூற்றாண்டில் இன்னொரு விலக்கு வேரூன்றியது. அரிசி, பயறு முதலியவற்றில் கோதுமை மணி கலந்திருக்கலாம், மாவாகிவிட்டால் வேறுபாடு தெரியாது என்று அஞ்சி, பஸ்கா நாட்களில் அவற்றையும் விலக்கினர். பதினான்காம் நூற்றாண்டில் தூர் என்னும் சட்டநூலை இயற்றிய யாக்கோபு பென் ஆசேர் இதனை அளவுக்கு மிஞ்சிய கண்டிப்பு என்றே கருதினார். எனினும் ஐரோப்பிய அஷ்கனாசி யூதரிடையே விலக்கு நிலைத்தது. அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதக் குருமார் பேரவை 2015இல்தான் அதைத் தளர்த்தியது. ஸ்பெயின் வழி வந்த செபராது யூதர்களும் கீழைநாட்டு யூதர்களும் பலர் பஸ்காவில் அரிசி உண்டே வந்தனர். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களுள் இடம்பெற்ற யூத வணிகர்கள் இச்செபராது மரபினரே. பவளத்தைக் கொணர்ந்து வைரத்தைக் கொண்டுசென்ற அவர்கள் சென்னையில் நிலைத்துப் பெருகவில்லை.

நிலைத்தவர்கள் மலையாளக் கரையில் இருந்தார்கள். பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேரமன்னன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு, தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத மொழியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணத்துடன் எழுபத்திரண்டு உரிமைகளையும் அது அவனுக்கு அளிக்கிறது. அதற்கும் முன்னே 849இல் எழுந்த கொல்லம் தரிசாப்பள்ளிப் பட்டயத்தில், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் கையொப்பமிட்ட சாட்சிகள் உண்டு. இம்மக்கள் கொடுங்கல்லூரிலிருந்து கொச்சிக்கு நகர்ந்தனர். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.

கூசித்தான் யூதர்களைப் பற்றித் தல்மூது எழுப்பிய கேள்வி இவர்கள் வாழ்வில் நாள்தோறும் எழுந்த கேள்வி. காலையில் புட்டோ அப்பமோ, நண்பகலில் சோறு, இரவிலும் அரிசிப் பண்டம் என்று உண்ட ஒருவன், சட்டத்தின் கண்ணில் அன்று முறையான உணவு எதுவும் உண்ணவில்லை. வயிறார உண்டிருப்பான், நீண்ட நன்றியுரை அவன் நாவுக்கு வராது. அது வர, அவன் ஓய்வுநாளுக்குக் கோதுமை ரொட்டியை நாட வேண்டும். வாரத்தின் ஆறு நாள் அவன் வாழும் மண்ணின் உணவு. ஏழாம் நாளில் அவன் முன்னோரின் மண்ணுக்குரிய உணவு. புலம்பெயர்ந்தவன் இரு மண்ணுக்கும் கடன்பட்டவன் என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் சடங்கு அரிது. ஈழத்திலிருந்தும் மலேயத் தோட்டங்களிலிருந்தும் எழுந்த தமிழ்க் கவிதையைப் பயின்றவர் இதனை எளிதில் உணர்வர்.

கொச்சி யூதர்கள் சட்டத்தில் தளர்ந்தவர்கள் அல்லர். பதினாறாம் நூற்றாண்டில் தம் குலவழக்குகளைப் பற்றிய ஐயங்களைக் கடல்கடந்து கெய்ரோவிலிருந்த டேவிட் பென் சிம்ரா என்னும் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டவர்கள். பஸ்காவுக்கு அவர்கள் ஆயத்தம் செய்த கண்டிப்பை அச்சமூகத்தைப் பற்றி எழுதியோர் அனைவரும் வியந்துரைப்பர். பல வாரங்களுக்கு முன்பே மகளிர் அரிசியைப் புடைத்துப் பொறுக்கித் தூய்மை செய்து தனியே வைப்பர். மிளகாயும் மசாலைப் பொருள்களும் அவ்வாறே. பஸ்காவுக்குத் தனிப் பாத்திரங்கள். மண்கலம் பற்றிய சட்டம் கடுமையானது. விலக்கப்பட்டது பட்ட மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை. மண் தான் உண்டதை உமிழாது என்பது அதற்கு ஆசிரியர்கள் கூறிய காரணம். உலோகத்தைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்யலாம்; மண்ணை ஆகாது. மேலே மெருகேற்றிய பீங்கான் வந்தபோது, அதனை மண்ணோடு சேர்ப்பதா கண்ணாடியோடு சேர்ப்பதா என்று வாதம் எழுந்தது. மெருகு எவ்வளவு ஏறினும் உள்ளிருப்பது மண்ணே என்று பெரும்பாலோர் தீர்த்தனர். பீங்கான் சூளைகளால் பெயர்பெற்ற விருத்தாசலத்தார் இத்தீர்ப்பை மறுக்கமாட்டார்கள்.

அம்மகளிர் அரிசி பொறுக்கியதோடு நிற்கவில்லை. விவிலியக் கதைகளையும் திருமணங்களையும் தம் ஊர் வரலாற்றையும் மலையாளத்தில் பாட்டாகக் கட்டிக் கையேடுகளில் எழுதிக் காத்தனர். இப்பாடல்களின் தொகுப்பொன்று 'கார்குழலி' என்னும் பெயரைத் தாங்கி எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005இல் எருசலேமில் வெளிவந்தது. 1948இல் இசுரேல் தோன்றியபின், ஏறத்தாழ 2,500 பேராக இருந்த அச்சமூகம் 1950களில் பெரும்பாலும் அங்கே குடிபெயர்ந்தது. நெகெவ் பாலைநிலத்து நெவாத்தீம் என்னும் சிற்றூர் அவர்கள் உழைப்பால் வளர்ந்தது. ஏழு விளைவுகளின் நாட்டுக்கு அவர்கள் போய்ச்சேர்ந்தார்கள். அரிசி உண்ணும் பழக்கமும் உடன் சென்றது. வாழ்த்துப் பற்றிய சட்டம் மட்டும் மாறவில்லை.

கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டி, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் சனிவார் தேலி என்று பெயர்பெற்ற பெனே இசுரேல் மக்களின் வழி வேறு. நேர்த்திக்கடன், மணவிழா முதலிய நல்வேளைகளில் எலியா தீர்க்கதரிசியை நினைந்து அவர்கள் மலீதா என்னும் படையலைச் செய்வர். நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் பருப்புகளும் கலந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எபிரேய மொழியில் வாழ்த்துரைத்து அனைவருக்கும் பகிர்வர். கோதுமைக்கு இங்கு இடமே இல்லை. யூத மரபின் வேறெக்கிளையிலும் இப்படையல் காணப்படுவதில்லை. சட்டம் வாயிற்படியில் நிறுத்திய அரிசியைச் சடங்கு நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தது. இசுரேலில் குடியேறிய பெனே இசுரேல் குடும்பங்கள் இன்றும் அவல் வாங்கி மலீதா செய்கின்றன.

யோகனான் பென் நூரியின் கைவிடப்பட்ட கருத்துக்கு யூதர் அல்லாத ஓர் இல்லத்திலும் நிழல் உண்டு. கேரளத்துத் தோமா கிறித்தவர்கள் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு முந்திய பெரிய வியாழனன்று இரவு பெசகா அப்பம் செய்வர். அரிசி மாவும் சிறிது உளுந்தும் சேர்த்து, புளிக்கவிடாமல் உடனே ஆவியில் வேகவைப்பது அது. குருத்தோலையால் அதன்மீது சிலுவையிடுவதும் உண்டு. தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்த பெசகாப் பால் உடன் இருக்கும். குடும்பத் தலைவர் இறைவனை வேண்டி அப்பத்தை முறித்து, மூத்தோர் தொடங்கி இளையோர் வரை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். பெசகா என்னும் பெயரே பஸ்காவின் சிரியாக் வடிவம். அப்பத்தின் மாவு மட்டும் மலையாள நிலத்து நெல்லின் மாவு.